ஒரே கொட்டடி, இரண்டு பாதைகள்

கொடுமைக்கு ஆளான நாயை எங்கே வைத்துத் தேற்றுவது நல்லது? நேரே ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய்க் குடும்பத்தோடு பழக்குவதா, அனுபவசாலிகள் இருக்கும் சரணாலயத்தில் வைத்துத் தேற்றிய பிறகு வீட்டுக்கு அனுப்புவதா? விலங்கு நலத்தில் ஈடுபட்டவர்களிடம் இந்த வாதம் ஓய்ந்ததே இல்லை. விடை சொல்வதும் எளிதல்ல. ஒவ்வொரு நாயும் ஒவ்வோர் இடத்திலிருந்து ஒவ்வொரு விதமான காயத்தோடு வருகிறது. ஒரே இடத்தில் வதைபட்ட நாய்களை இரண்டு வழிகளிலும் அனுப்பிப் பார்த்தால்தான் ஓரளவாவது ஒப்பிட முடியும். யாரும் திட்டமிட்டுச் செய்யக் கூடாத அந்தக் காரியம், 2007இல் அமெரிக்காவில் ஒரு குற்ற வழக்கின் விளைவாகத் தானே நடந்தது. அந்த நாய்களின் பிற்காலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

வழக்கு

2007 ஏப்ரல் 25 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி கவுண்டியில் ஒரு வீட்டைக் காவல்துறையினர் சோதனையிட்டார்கள். போனது போதைப்பொருள் விசாரணைக்கு. கண்டது நாய்ச்சண்டைக்கென்றே நடத்தப்பட்ட கொட்டடி. வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே கறுப்பு வண்ணம் பூசிய கொட்டகைகள். மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் கனத்த சங்கிலியால் கட்டிய பிட்புல் நாய்கள். ஒன்றை ஒன்று பார்க்கலாம், நெருங்க முடியாது. அப்படி அளந்து கட்டியிருந்தார்கள்.

வீட்டின் உரிமையாளர் மைக்கேல் விக், அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக், நாடறிந்த ஆட்டக்காரர். அவரும் கூட்டாளிகளும் 2001 முதல் 'பேட் நியூஸ் கென்னல்ஸ்' என்ற பெயரில் நாய்ச்சண்டை நடத்திவந்தார்கள். சண்டையில் தேறாத நாய்களைத் தூக்கிலிட்டும், நீரில் அமுக்கியும், மின்சாரம் பாய்ச்சியும், சுட்டும் கொன்றதை வழக்கு ஆவணங்கள் விவரிக்கின்றன. ஆகஸ்டில் விக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் நீதிபதி ஹென்றி ஹட்சன் அவருக்கு 23 மாதச் சிறை விதித்தார். பிடிபட்ட நாய்களின் பராமரிப்புக்காகச் சுமார் 9,28,000 டாலர் கட்டவும் வேண்டியிருந்தது.

சட்டத்தின் பார்வையில் அந்த நாய்கள் பறிமுதலான பொருள்கள். அவை தொடர்பான வழக்கின் பெயரே 'அமெரிக்க அரசு எதிர் ஏறத்தாழ 53 பிட்புல் நாய்கள்'. வழக்கு முடியும்வரை வர்ஜீனியாவின் பல காப்பகங்களில், சிமெண்ட் தரைக் கூண்டுகளில், சாட்சியப் பொருளாக மாதக்கணக்கில் கிடந்தன.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பதுதான் அன்று பெரிய விலங்கு நல அமைப்புகளின் நிலைப்பாடாகவும் இருந்தது. ஹ்யூமேன் சொசைட்டி, பீட்டா இரண்டுமே இவற்றைக் கருணைக்கொலை செய்வதே சரி என்றன. சண்டைக்கென்று வளர்த்த நாயை நம்பி வீட்டில் விட முடியாது. இவற்றுக்குச் செலவிடும் பணத்தில் காப்பகங்களில் சாகக் காத்திருக்கும் நல்ல நாய்கள் பலவற்றைக் காப்பாற்றலாம் என்று வாதிட்டார்கள். அதுவரை நாய்ச்சண்டை வழக்குகளில் பெரும்பாலும் அதுவே நடைமுறை. வழக்கு முடிந்ததும் மொத்தமாக ஊசி.

இந்த முறை அப்படி நடக்கவில்லை. 2007 செப்டம்பரில் விலங்கு நடத்தை அறிஞர் ஸ்டீபன் ஜாவிஸ்டோவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு 49 நாய்களைத் தனித்தனியாகச் சோதித்தது. மனிதர் நெருங்கினால் என்ன செய்கிறது, இன்னொரு நாயைக் கண்டால் என்ன செய்கிறது, சாப்பாட்டுத் தட்டைத் தொட்டால் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வெறிபிடித்த நாய்களை எதிர்பார்த்துப் போனவர்கள் கண்டது வேறு. பல நாய்கள் கூண்டின் மூலையில் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. கை பட்டால் நடுங்கின. சில நாய்கள் மனிதரைக் கண்டதும் வாலை ஆட்டின. நடத்தைக் காரணத்துக்காகக் கொல்ல வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். உடல்நிலை முற்றியதால் இன்னொன்றும் கொல்லப்பட்டது. மீதம் 47.

வால்பரைசோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ், நாய்களின் நலனைக் காக்கும் பாதுகாவலராக நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டார். எந்த நாய் எங்கே போவது என்பதை அவர் பரிந்துரைத்தார். எட்டு அமைப்புகள் நாய்களை ஏற்றன. அவற்றில் இரண்டு நம் ஒப்பீட்டுக்கு உரியவை. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியைச் சேர்ந்த 'பேட் ராப்' 10 நாய்களை எடுத்து வீடுகளில் வைத்தது. யூட்டா மாநிலத்தின் கானாப் ஊரருகே உள்ள 'பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ்' 22 நாய்களைச் சரணாலயத்துக்குக் கொண்டுபோனது.

முதல் பாதை: வீடு

பேட் ராப் மிகச் சிறிய அமைப்பு. டோனா ரெனால்ட்ஸ், டிம் ரேசர் என்ற கலைஞர் தம்பதி 1999இல் தொடங்கியது. பெரிய கட்டடமோ சம்பளப் பட்டாளமோ அவர்களிடம் இல்லை. இருந்தது, பிட்புல் நாயை வளர்த்துப் பழகிய குடும்பங்களின் கூட்டம். 2007 கடைசியில், விக் சிறைக்குப் போவதற்கு முன்பே, நாய்களை வேனில் ஏற்றி நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுவந்து தற்காலிக வளர்ப்பு வீடுகளில் விட்டார்கள்.

இந்த வழியின் உயிர்நாடி ஒழுங்கு. வந்த நாயை அக்கம்பக்கத்தாருக்குக் காட்டுவதோ, மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சுவதோ முதல் வாரங்களில் கூடாது. ஒரு கூண்டு, அதில் மெத்தை. அது நாயின் இடம், அங்கே யாரும் கைநீட்ட மாட்டார்கள். சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்தில். பிறந்ததிலிருந்து மண்ணையும் சங்கிலியையும் மட்டுமே கண்ட நாய்க்கு மாடிப்படி, கண்ணாடிக் கதவு, தொலைக்காட்சிச் சத்தம், பாத்திரம் விழும் ஓசை ஒவ்வொன்றும் புது உலகம். அந்த உலகத்தை அறிமுகம் செய்பவர் பெரும்பாலும் மனிதர் அல்ல, வீட்டில் ஏற்கெனவே வளரும் நாய். அது பயமின்றிப் படியேறுவதைப் பார்த்துப் புதிய நாயும் ஒரு காலை வைக்கிறது.

இந்த வழியில் போனவற்றில் ஜானி ஜஸ்டிஸ் பெயர்பெற்றது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டில் வளர்ந்து, ஆறுதல் தரும் நாயாகச் சான்று பெற்று, வாசிக்கத் தயங்கும் குழந்தைகளுக்குப் பக்கத்தில் படுத்து அவர்கள் படிப்பதைக் கேட்டது. நெஞ்சு முழுவதும் சண்டைத் தழும்போடு வந்த ஹெக்டர், பின்னர் மினசோட்டாவில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் நாயானது. மேரிலாந்தில் வேறோர் அமைப்பின் வழியாக வீடு சேர்ந்த ஜாஸ்மினின் படம் 2008 டிசம்பரில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் அட்டையில் வந்தது. இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஜானி சில மாதங்களில் தேறியது. ஜாஸ்மினோ கூண்டை விட்டு வெளியே வரவே தவித்தது. வீட்டில் அன்புக்குக் குறைவில்லாமல் வாழ்ந்தும் அச்சம் அதை முழுதாக விடவில்லை. வீடு என்ற ஒன்றே எல்லா நாய்க்கும் மருந்தாகிவிடாது என்பதற்கு ஜாஸ்மின் சாட்சி.

இரண்டாம் பாதை: சரணாலயம்

பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் 1984 முதல் தெற்கு யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்கில் இயங்குகிறது. சுமார் 1,600 விலங்குகள் தங்கும் இடம். நாய்களுக்கான பகுதிக்கு 'டாக்டவுன்' என்று பெயர். 2008 ஜனவரியில் வந்த 22 நாய்களும் மதிப்பீட்டில் கடினமானவை என்று குறிக்கப்பட்டவை. ஒன்று மனிதரைக் கண்டாலே உறைந்துபோனவை, அல்லது பிற நாய்களோடு ஒத்துப்போகாதவை.

அங்கே முதலில் நடந்த வேலை வெளிப்பார்வைக்கு வேலையாகவே தெரியாது. பராமரிப்பவர் கூண்டுக்குள் போய், நாய்க்குப் பக்கவாட்டாகத் தரையில் உட்காருவார். கண்ணுக்குக் கண் பார்ப்பதில்லை, கை நீட்டுவதில்லை. ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நேரம் விட்டு நேரம் ஒரு துண்டு இறைச்சியை நாய் இருக்கும் பக்கம் நழுவவிடுவார். நாய் அதைத் தின்னாவிட்டாலும் எழுந்து போய் ஊட்ட மாட்டார். ஒருநாள் அது தலையைத் தூக்கும். ஒருநாள் கழுத்தை நீட்டி மோப்பம் பிடிக்கும். பின்னங்காலை அசைக்காமல் முன்னங்காலை மட்டும் வைத்து, எந்த நொடியும் பின்வாங்கத் தயாராக, அந்தத் துண்டை எடுக்கும். அந்த ஓரடிதான் அன்றைய சாதனை. நடக்கத் தெரியாமல் வயிற்றால் ஊர்ந்த நாய்களைத் தூக்கிக்கொண்டே வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

சரணாலயத்தின் பெரிய பலம், கவனித்ததைக் குறித்துவைத்தது. கால்நடை மருத்துவர் ஃபிராங்க் மக்மில்லன், ஒவ்வொரு நாயின் அச்சம், தன்னம்பிக்கை, மனிதரோடு பழகும் ஆர்வம் போன்றவற்றுக்கு மதிப்பெண் இட்டுப் பதிவேடாகத் தொடரச் செய்தார். இன்று மோசம் என்று தோன்றும் நாய், போன மாதத்தைவிட நல்ல நிலையில் இருப்பதை அந்த ஏடுதான் காட்டும். மனம் தளராமல் இருக்க மனிதருக்கும் அது உதவியது.

உடல் காயங்களுக்கும் அங்கேயே மருத்துவம் கிடைத்தது. இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்திய ஜார்ஜியாவின் வாயில் ஒரு பல் இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார்கள். கடியின் வழியாகப் பரவும் பேபிசியா கிப்ஸோனி என்ற ரத்த ஒட்டுண்ணி பல நாய்களிடம் இருந்தது. சிவப்பணுக்களை அழித்து ரத்தசோகையில் தள்ளும் இந்தக் கிருமிக்கு அட்டோவகோன், அசித்ரோமைசின் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். தணியும், ஆனால் திரும்பிவிடும் என்ற கவலை இருந்துகொண்டே இருக்கும்.

இவற்றை அவசரப்பட்டு வெளியே விடவும் வழியில்லை. 'நல்ல குடிமகன்' எனப்படும் 10 பகுதித் தேர்வில் தேற வேண்டும் என்பது நீதிமன்ற நிபந்தனை. முன்பின் தெரியாதவர் வந்து வளர்ப்பவரின் கையைக் குலுக்கும்போது நாய் அமைதியாக இருக்க வேண்டும். கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். வளர்ப்பவர் கண்மறைந்து 3 நிமிடம் போனாலும் கலங்கக் கூடாது. தேறிய பிறகும் ஆறு மாதம் தற்காலிக வளர்ப்பு. அதன் பின்னரே தத்து. இந்த நீண்ட வரிசையைக் கடந்தும் பாதிக்கு மேற்பட்ட நாய்கள் வீடு கண்டன. சண்டைகளில் வென்ற சாம்பியன் என்பதால் லூகஸும், அந்நியரை ஏற்காததால் மெரிலும் வாழ்நாள் முழுக்கச் சரணாலயத்திலேயே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. இருவரும் அங்கேயே தங்களுக்கென்று மனிதர்களைப் பெற்று வாழ்ந்து முடித்தார்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

முதலில் பணம். விக் கட்டிய தொகையிலிருந்து, தத்துக்குப் போகக்கூடியது என்று மதிப்பிட்ட நாய்க்குத் தலைக்கு 5,000 டாலரும், சரணாலயத்துக்குப் போகும் நாய்க்குத் தலைக்கு 18,275 டாலரும் ஒதுக்கப்பட்டன. மூன்றரை மடங்குக்கும் மேல். வீட்டில் குடும்பத்தாரின் உழைப்பு கணக்கில் வராமல் போவதும் இந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

அடுத்து ஆள்பலம். சரணாலயத்தில் ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் வருவார். நள்ளிரவில் ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் மருத்துவர் அருகில் இருப்பார். வீட்டில் இருப்பது இரண்டு மூன்று பேர். ஒருவர் கதவைச் சாத்த மறந்தால், பல மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் வீணாகலாம். ஆனால் வீட்டு நாய்க்குக் கிடைக்கும் ஒன்றைச் சரணாலயம் தர முடியாது: நாள் முழுவதும் ஒரே மனிதர், ஒரே குரல், இரவில் தூங்கும்போது கேட்கும் அதே மூச்சு.

மூன்றாவது, கற்றது எங்கே செல்லும் என்பது. நாய் அச்சத்தை விரைவில் எல்லா இடத்துக்கும் விரித்துக்கொள்ளும். நம்பிக்கையை அப்படி விரிப்பதில்லை. டாக்டவுனில் பராமரிப்பவரின் கையில் உண்ணப் பழகிய நாய், ஒரு வரவேற்பறையில் நுழைந்ததும் மீண்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். வீட்டுக்குப் போனபின் பாதிப் பாடத்தை அது திரும்பப் படிக்க வேண்டும். நீதிமன்றம் விதித்த ஆறு மாத வளர்ப்புக் காலம் இந்த இடைவெளியை நிரப்பியது. முதல் நாளே வீட்டுக்குப் போன நாய், தான் வாழப்போவதைப் போன்ற இடத்திலேயே பாடம் படித்தது. இது வீட்டு வழியின் மறுக்க முடியாத மேன்மை.

அதனால் வீடே உயர்ந்தது, சரணாலயம் இரண்டாந்தரம் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? கூடாது. இரண்டு கூட்டமும் குலுக்கல் முறையில் பிரிந்தவை அல்ல. தேறும் என்று தோன்றியவை வீட்டுக்கும், கடினமானவை சரணாலயத்துக்கும் போயின. வீட்டு நாய்கள் விரைவில் தேறியதற்கு வீடு எவ்வளவு காரணமோ, அந்தத் தேர்வும் அவ்வளவு காரணம். ஜாஸ்மினைப் போன்ற நாய் வீட்டிலும் தவித்தது. டாக்டவுனில் முடங்கிக் கிடந்த நாய்கள் சில, பின்னர் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கும் போயின. ஆகவே ஒப்பீடு நமக்குச் சொல்வது எது சிறந்தது என்பதை அல்ல. எந்த நாய்க்கு எது முதலில் என்பதை.

இரண்டுக்கும் பொதுவான மருந்து

வேற்றுமைகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே மருந்துதான் வேலை செய்தது: முடிவெடுக்கும் உரிமையை நாயிடம் திருப்பிக் கொடுப்பது.

இதன் காரணத்தை விளக்கும் ஆராய்ச்சி, வருத்தத்துக்குரிய விதத்தில், நாய்களை வதைத்தே செய்யப்பட்டது. 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். மற்றப் பிரிவு எதைச் செய்தாலும் நிற்காது. பின்னர் தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற பெட்டியில் இரண்டையும் விட்டபோது, முதல் பிரிவு தாண்டியது. இரண்டாம் பிரிவில் பல நாய்கள் தாண்ட முயலாமல் அங்கேயே படுத்துக்கொண்டன. செய்து பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டன என்பதே அன்றைய விளக்கம். சுமார் 50 ஆண்டுகளுக்குப் பின் 2016இல் அந்த இருவரே மூளை ஆய்வின் துணையோடு அதைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்குவது உயிரின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியது, நிலைமையைத் தன்னால் மாற்ற முடியும் என்பதைத்தான் என்றார்கள்.

இந்தத் திருத்தத்தோடு ஓக்லண்டையும் கானாபையும் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. தரையோடு ஒட்டிக் கிடந்த நாயிடம் கெட்ட குணம் எதுவும் இல்லை. தான் செய்யும் எதற்கும் பலன் உண்டு என்பதை யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவே. யாரும் கைநீட்டாத கூண்டு, திரும்பிப் போனால் யாரும் துரத்தாத முற்றம், விரும்பினால் எடுக்கலாம் என்று விட்ட இறைச்சித் துண்டு: மூன்றும் அந்தப் பாடத்தைத்தான் நடத்தின. கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து கட்டியணைக்கும் அன்பு இதற்கு நேர்மாறு. எவ்வளவு கனிவோடு செய்தாலும் நாயின் கணக்கில் அது பழைய கொட்டடியின் தொடர்ச்சி.

அதன் பின் நடந்தது

47 நாய்கள் பிழைத்த செய்தி உடனே எல்லாரையும் மாற்றிவிடவில்லை. 2009 பிப்ரவரியில் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில் ஒரு சண்டைக் கொட்டடியில் பிடித்த நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களை, குட்டிகளையும் சேர்த்து, மதிப்பீடே செய்யாமல் கொன்றார்கள். எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து அதே ஆண்டில் ஹ்யூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றி, ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று ஏற்றது. ஜூலையில் மிசௌரியை மையமாக வைத்துப் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் நடந்த சோதனையில் நானூறுக்கு மேற்பட்ட நாய்கள் பிடிபட்டன. அவை தனித்தனியே மதிப்பிடப்பட்டன. பாதிக்கு மேற்பட்டவை பிழைத்து இடம் கண்டன. சர்ரி கவுண்டியின் நாய்கள் தங்களுக்கு மட்டும் உயிர் வாங்கவில்லை. பின்னால் வந்தவற்றுக்கும் வாங்கிக் கொடுத்தன. அந்த 47இல் கடைசியாக உயிரோடிருந்த ஃப்ரோடோ 2021 டிசம்பரில் இறந்தது. பேட் ராப் எடுத்த பத்தில் ஒன்று. வயது சுமார் 15.

தத்தெடுக்க நினைப்பவருக்கு

இந்த ஒப்பீட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இது. தாங்கக்கூடிய நாய்க்கு வீடே முதல் இடம், தாமதம் தேவையில்லை. தாங்க முடியாத நாய்க்குச் சரணாலயம் சிறையல்ல, வீட்டுக்குப் போகும் நீளமான வழி. மிகச் சிலவற்றுக்கு அதுவே வீடு. எது எந்த நாய் என்று தெரிய ஒரே வழி, இனத்தையோ பழைய கதையையோ வைத்து முடிவு கட்டாமல் அந்த நாயின் முன் உட்கார்ந்து பார்ப்பது.

காப்பகத்திலிருந்து இப்படி ஒரு நாயை எடுக்க நினைப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளும் இதிலிருந்தே வருகின்றன. இது எதற்கு அஞ்சுகிறது, அஞ்சினால் என்ன செய்கிறது? தேற்றுவதற்கு என்ன முயன்றார்கள், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம்? வாழ்நாள் மருந்து ஏதாவது வேண்டுமா? வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதோடு இதைப் பழக்கிப் பார்த்தார்களா? ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் காப்பகம் நம்பத் தகுந்தது. 'அன்பு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று மட்டும் சொல்லும் காப்பகத்திடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

கேட்டுவிட்டு, எடுங்கள். வதைபட்ட நாயை வளர்ப்பது சிறப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கே முடியும் என்ற எண்ணம் நல்ல மனிதர்கள் பலரைப் பின்வாங்க வைக்கிறது. ஜானியையும் ஹெக்டரையும் வளர்த்தவை நாய் வளர்த்துப் பழகிய குடும்பங்கள்தான், சரணாலயம் அல்ல. அவர்களிடம் இருந்தது கட்டுக்கோப்பான நாள், அவசரப்படாத கை, தயங்கும்போது போன் செய்து கேட்க அனுபவமுள்ள ஒருவர். இந்த மூன்றும் அமையும் வீட்டில் இப்படி ஒரு நாய் தேறி வாழும். காப்பகங்களில் காத்திருக்கும் நாய்களுக்கு இன்று குறைவது அப்படிப்பட்ட வீடுகள்தான்.